பெண் நண்டின் இடுப்பு

நண்டுக்கு இடுப்பு கிடையாது. தலையும் மார்பும் ஒரே ஓட்டுக்குள் அடங்கியிருக்கும். வயிறு மடங்கி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். விலங்கியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சின்ன விஷயத்தை, முப்பத்தோரு வயதில், ஏழு ஆண்கள் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொல்ல வேண்டி வந்தது. எங்கள் மேலாளர் குனிந்த தலை நிமிராமல், "தெரியும்மா, ஆனா கேட்டிருக்காங்க" என்றார்.

நான் சிதம்பரத்தில் விலங்கியல் படித்தவள். படிப்பில் சுமார். படம் வரைவதில் மட்டும் என்னை அடிக்க ஆள் கிடையாது. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள், தவளையின் ரத்த ஓட்டம், மண்புழுவின் நரம்பு என்று வகுப்பில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டில் இருந்தது என் பென்சில்தான். படித்து முடித்து நாலு வருஷம் டியூஷன் எடுத்தேன். பிறகு கணினியில் உருவங்களைச் செதுக்கக் கற்றுக்கொடுக்கும் ஆறு மாதப் படிப்பில் சேர்ந்தேன். அதை வைத்துக் கடலூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பம்புசெட் கடையின் மாடி. என்னையும் சேர்த்து எட்டுப் பேர். தினமும் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பி வருவேன்.

வெளிநாட்டில் யாரோ தயாரிக்கும் கணினி விளையாட்டுகளுக்குத் தேவையான பொருள்களை நாங்கள் செய்துகொடுப்போம். பீப்பாய், கத்தி, செருப்பு, மரக்கதவு. இரண்டு வருஷத்தில் நான் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் செய்திருப்பேன். எனவே ஒருநாள் மேலாளர், "இந்தத் தடவ உசுரு உள்ளது வந்திருக்கு" என்றபோது எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனோம்.

அந்த விளையாட்டில் ஆடுகிறவர் முதலில் தான் எந்த இனம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மனித இனம் போக, புதிதாக நான்கு இனங்களைச் சேர்க்கப்போகிறார்களாம். எருமை மனிதர், உடும்பு மனிதர், கல் மனிதர், நண்டு மனிதர். ஒவ்வொன்றிலும் ஆண் ஒன்று, பெண் ஒன்று. எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி ஓவியங்களை அனுப்பியிருந்தார்கள்.

எருமை ஆண் நன்றாக இருந்தான். கழுத்தே இல்லை. முதுகில் திமில் போலத் தசை, மூக்கில் வளையம், முழங்கை வரை சேறு. எருமைப் பெண்ணைத் தேடினேன். பக்கத்தில் ஓர் அழகான பெண் நின்றிருந்தாள். நெற்றிக்கு மேலே இரண்டு குட்டிக் கொம்பு முளைத்திருந்தது, அவ்வளவுதான். உடும்பு ஆணுக்கு நீண்ட மூஞ்சி, பிளந்த நாக்கு, மூன்று முழ வால். உடும்புப் பெண்ணுக்கு மூஞ்சியும் இல்லை, வாலும் இல்லை. கன்னத்தில் நாலு செதில் ஜிகினா மாதிரி மின்னியது. கல் ஆண் ஒரு குன்று, அதற்குக் கை கால். கல் பெண் கோயில் தூணிலிருந்து இறங்கி வந்தவள் போல இருந்தாள். நண்டு ஆணுக்குப் பெரிய ஓடு, காம்பில் தூக்கிய கண்கள், ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெரிசு, எட்டுக் கால். நண்டுப் பெண் சிவப்பு கவுன் போட்டிருந்தாள். தலையில் கிளிப் குத்தியது போல இரண்டு கொடுக்கு.

"இவங்க நாலு பேரும் அக்கா தங்கச்சிங்களா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நாலும் வேற வேற இனம்."

"மூஞ்சி ஒண்ணா இருக்கே."

மேலாளர் அடுத்த பக்கத்துக்குப் போனார். அவர் குறிஞ்சிப்பாடிக்காரர். தினமும் திருநீறு பூசிக்கொண்டு வந்து, சுவரில் இருக்கும் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார். யாரிடமும் குரல் உயர்த்தாத நல்ல மனிதர். அவருக்குச் சோதனை, ஓவியங்களோடு கூட வந்த அளவுப் பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு பெண் உருவத்துக்கும் மார்பு எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று தனிக் கட்டம் போட்டிருந்தார்கள். அந்த வார்த்தையை என் முன்னால் சொல்ல அவரால் முடியவில்லை. அந்தக் கட்டத்தின் தலைப்பை அழித்துவிட்டு 'மே.ப.' என்று எழுதி வைத்தார். மேல் பகுதி. அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் மே.ப. தான்.

"சார், கல்லுக்கு எதுக்கு மே.ப.?"

"கேட்டிருக்காங்கம்மா."

"உடும்பு முட்ட போடுற ஜீவன். பால் குடுக்காது. அதுக்குக் கல்ல விட ஜாஸ்தியா போட்டிருக்காங்க."

அவர் சாமி படத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த, உருவங்களுக்கு எலும்பு பொருத்தி நடக்க வைக்கும் பையன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் கடலூர்க்காரன். மற்ற பையன்கள் அவனை மச்சான் என்பார்கள், நான் தம்பி என்பேன்.

வெளிநாட்டுக்காரர்களோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவோம். அங்கிருந்து பேசுபவர் மிக மரியாதையான மனிதர். அந்த வாரம் நானே கேட்டேன். எருமையில் பெண்ணுக்கும் பெரிய கொம்பு இருக்கும், உடும்பில் ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரிப்பதே கஷ்டம், இங்கே மட்டும் ஏன் இப்படி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அது பெண் என்று ஆடுகிறவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"நண்டாக இருந்தால் புரட்டிப் பார்த்தால் தெரியும்" என்றேன்.

அவர் ஆர்வமாகிவிட்டார். அடுத்த வாரம் காட்ட முடியுமா என்றார். மேலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த வாரம் காலையில் நேராக முதுநகர் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். நண்டு விற்கும் ஓர் அம்மா கூடை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆண், ஒரு பெண், ஒரு சினை நண்டு வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழம்புக்கா, வறுவலுக்கா?"

"ஆபீசுக்கு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். "தோ பாரு, வயித்துல மடலு ஒடுக்கமா கோபுரம் மாதிரி கீதா, ஆம்பள. இது அகலமா ரவுண்டா கீது பாரு, பொம்பள. இது மடலுக்குள்ள முட்ட வெச்சிகினு கீது, சினை."

"மூஞ்சப் பாத்து சொல்ல முடியாதாம்மா?"

"நண்டு மூஞ்சிய யாரும்மா பாக்குறா? நீ இன்னா அத கட்டிக்கவா போற?"

மூன்றையும் கயிறு போட்டுக் கட்டி ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அலுவலகம் வந்தேன். வீடியோ ஆரம்பித்ததும் பெண் நண்டை எடுத்து, புரட்டி, கேமராவுக்கு முன்னால் வயிற்றைக் காட்டினேன். அந்தப் பக்கம் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மடல், அதன் அகலம், அதற்குள் முட்டை ஒட்டிக்கொள்ளும் விதம் எல்லாவற்றையும் விளக்கினேன். கல்லூரியில் ஒரு செமினாரில்கூட நான் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

ஆண் நண்டை எடுக்கப் பையில் கை விட்டபோது அங்கே சினை நண்டும் அவிழ்ந்த ஒரு கயிறும் மட்டும் இருந்தன.

நண்டு மேலாளரின் மேஜைக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் வெளியே வந்தது. அவர் சைவம். நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். அது சக்கரம் வைத்த நாற்காலி. பையன்கள் ஒருவர் துடைப்பத்தையும் இன்னொருவர் கீபோர்டையும் எடுத்துக்கொண்டார்கள். வீடியோவில் அந்த மரியாதையான மனிதர், "இப்போது ஓடுவது ஆணா, பெண்ணா?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேலாளர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில், "சரிபார்த்துச் சொல்கிறோம்" என்றார்.

கடைசியில் எலும்புத் தம்பிதான் குப்பைக்கூடையைக் கவிழ்த்து அதைப் பிடித்தான். கூட்டம் முடியும்போது அங்கிருந்து ஒரு முடிவு சொன்னார்கள். அவர்கள் கேட்டபடி ஒரு நண்டுப் பெண்ணைச் செய்ய வேண்டும். நான் சொல்கிறபடியும் ஒன்று செய்து அனுப்பலாம். இரண்டையும் பார்ப்பார்கள்.

அவர்கள் கேட்ட நண்டுப் பெண்ணின் முகத்துக்கு ஒரு நிஜ முகம் தேவைப்பட்டது. அலுவலகத்தில் இருந்த ஒரே பெண் நான். ஜன்னல் பக்கம் நிறுத்தி ஆறு கோணத்தில் படம் எடுத்தார்கள். அதை வைத்து நானே என் முகத்தைக் கணினியில் செதுக்கினேன். பிறகு திருத்தங்கள் வர ஆரம்பித்தன. நிறம் கொஞ்சம் வெளுக்கட்டும். மூக்கு சின்னதாகட்டும். கண் பெரிதாகட்டும். தாடை ஒடுங்கட்டும். கன்னத்து மச்சம் வேண்டாம். இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும். எல்லாவற்றையும் செய்து முடித்தபோது என்னுடையது என்று அதில் புருவம் மட்டும் மிச்சமிருந்தது. சின்னத் திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சமயத்தில் எனக்கு மாப்பிள்ளை தேடுவதுதான் அவருக்கு முழுநேர வேலை. கீழவீதி ஸ்டுடியோவில் என்னை வெளுப்பாக்கி எடுத்த பழைய படம் ஒன்று இருந்தது. அதில் இருப்பது யாரென்று எனக்கே சந்தேகம் வந்ததால், இனிமேல் அதை யாருக்கும் அனுப்பக்கூடாது என்று சண்டை போட்டிருந்தேன். தரகர் அவசரமாகப் படம் கேட்டபோது, அம்மா என் போனை எடுத்துத் தேடியிருக்கிறார்.

மூன்று நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்ததும், "மாப்ள வீட்டுல ஒன்ன புடிச்சிருக்காம். ஞாயித்துக்கெழம திருவந்திபுரம் கோயில்ல பாக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"எந்தப் படத்த அனுப்புன?"

"ஒன் போன்ல இருந்துச்சே, செவப்புல. ரொம்ப நல்லா இருந்துச்சு. எப்ப எடுத்த?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, அது நண்டு."

"எங்க நண்டு?"

போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இத நான் கிளிப்புன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அவுங்களும் அப்பிடித்தான் நெனச்சிருக்காங்க. பாக்க வரும்போது தலையில இவ்ளோ பெரிசா வெக்க வேணாம், சிம்பிளா வந்தா போதும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றார்.

நான் போகவே கூடாது என்றேன். வருவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் மரியாதை இல்லை, நேரில் சொல்லிவிடலாம் என்றார் அம்மா. மாப்பிள்ளை படத்தையும் காட்டினார். பாஸ்போர்ட் படம். சட்டையில் ஒரு பொத்தான் தவறிப் போட்டிருந்தது. மூக்கு முடிகூடத் தெரிந்தது. அதில் யாரும் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராம்.

ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரத்தில் நாலைந்து கல்யாணம். மேளச் சத்தத்துக்கு நடுவே, கோயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் அவர்கள் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய மாமா. நாங்கள் போய் வணக்கம் சொன்னோம். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு பின்னால வருதுங்களா?"

"இவதாங்க பொண்ணு" என்றார் அம்மா.

மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். ஒரு முடிவுக்கு வந்தவராகத் தன் அக்காவிடம், "புருவம் ஒத்துப்போவுது" என்றார்.

இனி நான் சொல்லாமல் முடியாது. என் வேலை என்ன, அந்தப் படம் என்ன, அது எப்படி அவர்கள் கைக்கு வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "அப்ப தலையில இருக்குறது?" என்றார்.

"நண்டுக் கொடுக்குங்க."

மாமாதான் முதலில் பேசினார்.

"இது நண்டுல பொம்பள. அப்ப ஆம்பள எப்படி இருக்கும்?"

என் போனில் ஆண் நண்டு இருந்தது. காட்டினேன். எட்டுக் கால், ஓடு, காம்புக் கண், வாயில் நுரை. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுங்களா?" என்றார் மாமா.

"ஆமாங்க. ஒரே இனம்தான்."

"அப்பறம் இது ஏன் இப்பிடி இருக்கு, அது ஏன் அப்பிடி இருக்கு?"

"அதத்தாங்க நானும் ஆபீஸ்ல கேட்டுகிட்டு இருக்கேன்."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நேரில் பார்க்க அவர் பாஸ்போர்ட் படத்தைவிட எவ்வளவோ நன்றாக இருந்தார். இந்த விளையாட்டு எப்போது வரும், நண்டு பக்கவாட்டில்தான் நடக்குமா, அப்படியானால் எதிரியைப் பார்த்துக்கொண்டே எப்படி ஓடும் என்றெல்லாம் கேட்டார். இரண்டு கம்பெனிக் கூட்டங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. பத்து நிமிஷம் நாங்கள் நண்டின் கால் மூட்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை இப்போது எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் நான் வீடு திரும்பியதும் தரகர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அவுங்க வேற எடம் பாக்குறாங்களாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் போட்டோல இருந்த பொண்ணு ஒங்க சொந்தத்துல இருந்தா மட்டும் சொல்லச் சொன்னாங்க."

அம்மா பொறுமையாக, அப்படி ஒரு பெண்ணே கிடையாது, அது நண்டு என்றார். தரகர், கொடுக்க இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடலாமே, எதற்கு நண்டு கிண்டு என்று பேசுகிறீர்கள் என்று கோபமாக வைத்துவிட்டார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. தன்னால்தான் வந்தது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். நண்டுப் பெண் திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு திருத்தமாக நானே செய்த முகம். அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் கையால் செய்த ஒன்றின் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், சாயங்காலம் வரை அந்த எரிச்சல் போகவில்லை. அந்தக் கோப்பை மூடிவிட்டு இன்னொரு கோப்பைத் திறந்தேன்.

அடுத்த பத்து நாளும் நான் எனக்காக வேலை செய்தேன். என் பெண் நண்டுக்கு அகலமான, சேறு படிந்த ஓடு கொடுத்தேன். தடித்த கொடுக்கு. காம்புக் கண்கள். ஓட்டின் ஒரு மூலையில் பழைய சண்டையில் உடைந்த விளிம்பு. வயிற்றில் வட்டமான மடல், அதற்குள் ஆயிரக்கணக்கான ஆரஞ்சு நிற முட்டை. அது நடந்தால் முட்டைகள் லேசாக அசைய வேண்டும் என்று எலும்புத் தம்பியிடம் சொன்னேன். அவன் இரண்டு நாள் கஷ்டப்பட்டு அசைய வைத்தான். "அக்கா, இது எந்திரிச்சு வந்தா நான் ஓடிருவேன்" என்றான். நான் வாங்கிய பாராட்டுகளில் அதுதான் பெரியது. மே.ப. கட்டத்தில் சைபர் போட்டு அனுப்பினேன். மேலாளர் அனுப்பும் முன்பு ஒருமுறை சாமி படத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு நீளமான மின்னஞ்சல் வந்தது. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார். அங்கே எல்லோரும் அசந்துபோய்விட்டார்களாம். என்ன கம்பீரம், என்ன பலம், என்ன அதிகாரம் என்று எழுதியிருந்தார்கள். பையன்கள் கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. மேலாளர் அடுத்த வரியைப் படிக்கும்போது குரல் இறங்கியது. அந்த உருவத்தை நண்டு இனத்தின் ஆண் தலைவனாக வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சிவப்பு கவுன்காரி பெண்ணாகவே இருப்பாள்.

"சார், அது பொம்பள. முட்ட இருக்கு" என்றேன்.

நானே பதில் எழுதினேன். இது பெண், வயிற்றில் இருப்பது முட்டை, தயவுசெய்து கவனிக்கவும் என்று. அன்றே பதில் வந்தது. முட்டை அருமையான நுணுக்கம், கண்டிப்பாக வைத்துக்கொள்வோம், தலைவனுக்குக் குரல் கொடுக்க ஒரு கனத்த குரல்காரரைப் பிடித்துவிட்டோம் என்றிருந்தது.

மேலாளர் என் மேஜைக்கு வந்து நின்றார். "விடும்மா. நம்ம செஞ்சத எடுத்துகிட்டாங்க இல்ல?"

"அது பொம்பள சார்."

"நமக்குத் தெரியும் இல்லம்மா" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். பிறகு வேலைப் பட்டியலைத் திறந்து, அடுத்த வேலையில் என் பெயருக்கு நேராக உருவ வடிவமைப்பு என்று மாற்றி எழுதினார். அதன்பிறகு என்னிடம் பீப்பாய் வரவில்லை.

விளையாட்டு வெளிவருவதற்கு முன் சோதித்துப் பார்க்க எங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் எட்டுப் பேரும் எட்டுக் கணினியில் உட்கார்ந்தோம். கீழே கடையில் யாரோ பம்புசெட்டை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில் தரை அதிர்ந்தது. ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் நண்டுத் தலைவனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே ஏழு சிவப்பு கவுன்காரிகள் நின்றிருந்தார்கள். மேலாளர் உட்பட ஏழு ஆண்களும் அவளையே எடுத்திருந்தார்கள். "இவதான் சார் வேகமா ஓடுறா" என்று தலை நிமிராமல் ஒருவன் காரணம் சொன்னான். மேலாளருக்குத் தன் கவுன்காரியை எப்படி நிறுத்துவது என்று தெரியாததால் அவள் சுற்றிச் சுற்றி நடனமாடிக்கொண்டிருந்தாள்.

எதிரி வந்தது. ஏழு பெண்களும் என் ஓட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். "தலைவா, முன்னாடி போ" என்று எலும்புத் தம்பி கத்தினான். நான் கொடுக்கைத் தூக்கினேன். ஒலிபெருக்கியில் ஒரு ஆம்பளைக் குரல் கர்ஜித்தது. என் முட்டைகள் லேசாக அசைந்தன. நான் பக்கவாட்டில் நடந்து முன்னால் போனேன்.